கோணல் ஓடையில் குடில் இல்லை

படிவத்தில் பதினெட்டுக் கேள்விகள் இருந்தன. எசாய் இவான் பதினேழுக்குப் பதில் எழுதிவிட்டார். குடிலின் நீளம், அகலம், கூரை எதனால் ஆனது, ஓடையிலிருந்து எத்தனை அடி, கழிப்பறைக் குழி எத்தனை அடி ஆழம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. குழியின் ஆழத்தைக்கூட அளந்துதான் எழுதினார். அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறார்கள் என்பது அரசாங்கத்துக்கே வெளிச்சம். பதினோராவது கேள்விக்கான கட்டம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

அந்தக் கட்டத்துக்காகப் படிவம் ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்திருந்தது. இது இரண்டாவது முறை. தபால் விமானக்காரர் உறையை நீட்டும்போதே, "எசாய், உன் காதலி மறுபடியும் எழுதியிருக்கா," என்று சிரித்தார். உள்ளே மஞ்சள் தாளில் நாலு வரி. பதினோராவது கேள்விக்குப் பதில் இல்லாததால் விண்ணப்பம் முழுமையடையவில்லை. ஆகஸ்ட் பதினைந்துக்குள் முழுமை செய்யாவிட்டால், பொதுநிலத்தில், மயிர்த்தோலுக்காகப் பொறி வைக்கும் பொறிக்காரர் தங்குவதற்கான குடில் அனுமதி காலாவதியாகும்.

கேள்வி இதுதான்: வரும் பருவத்தில் எந்த விலங்கை, எத்தனை பிடிக்க உத்தேசித்திருக்கிறீர்கள்?

ஒக்கலீனா வாசலில் சால்மன் மீனைக் கீறிக் கம்பில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி கஸ்டி, உதவிக்கு வந்தவன்போல் நின்றுகொண்டு, தொங்கவிட்டதில் ஒன்றைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"என்ன மச்சான், பரீட்சை இன்னும் முடியலயா?"

"ஒண்ணு பாக்கி."

"பக்கத்துல இருக்கறவனப் பாத்து எழுதிடு."

"பக்கத்துல இருக்கறவன் நீதான். நீ எழுதுவியா, மாப்ள?"

கஸ்டி படிவத்தை வாங்கிப் படித்தான். வாய்க்குப் போய்க்கொண்டிருந்த மீன் பாதி வழியில் நின்றது. "இத எப்படிக் கேப்பாங்க?" என்றான். பிறகு படிவத்தைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தான்.

பிடிக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். வேட்டைக்குக் கிளம்புகிறவன் எங்கே போகிறான் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "சும்மா ஒரு நடை போயிட்டு வரேன்," என்பான். மிருகம் எங்கோ நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அதுவாக மனமிரங்கித் தன்னைக் கொடுத்தால் உண்டு. 'உன்னில் இத்தனை எடுப்பேன்' என்று எவனாவது வாய்விட்டானோ, அவன் இருக்கும் திசைக்கே அது திரும்பாது. பொறிப் பருவத்தில் மார்ட்டனின் பெயரைக்கூட ஊரில் யாரும் சொல்வதில்லை. கீரிக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அந்தப் பழுப்பு மயிர்ப் பிராணி, நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெறும் 'அது'தான்.

முன்பு இந்தத் தொல்லை இல்லை. பழைய அதிகாரி வயதானவர். அவரே விமானத்தில் வந்து இறங்குவார், டீ குடிப்பார், குடிலைச் சுற்றிப் பார்ப்பார், படிவத்தைத் தானே நிரப்பிக்கொண்டு போவார். அவர் ஓய்வுபெற்ற கையோடு படிவமும் மாறிவிட்டது.

"விட்டுத்தள்ளு மச்சான். உன் சொந்த நெலத்துல ஒண்ணு கட்டிக்கோ. எவன் கேப்பான்?"

"சொந்த நெலம் இங்க இருக்கு. அங்க நனஞ்சு நிக்கறவன் இங்க வந்தா தீ மூட்டுவான்?"

வாசலில் கத்தியின் சத்தம் நின்றுவிட்டது.

பதின்மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரியில், எசாயின் மகன் நிகிதா கோணல் ஓடை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. ஓடை உறைந்த பிறகு பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு நீர் மேலே ஏறி, பனிக்கு அடியில் ஒளிந்து நிற்கும். மேல்தண்ணி என்பார்கள். பார்த்தால் தெரியாது. அதில் பனியில் ஓடும் மோட்டார் வண்டியோடு இறங்கிவிட்டான். மறுநாள் எசாயும் கஸ்டியும் போனபோது ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் முப்பது தீக்குச்சிகள், எல்லாம் நமுத்துப்போனவை. அதிகமாகப் போனால் இரண்டு மணி நேரம் உயிரோடு இருந்திருப்பான் என்றார் டாக்டர். அந்த இரண்டு மணி நேரத்தை ஒக்கலீனா இன்னும் கடந்து வரவில்லை.

அடுத்த கோடையில் எசாய் அதே மரத்துக்கு இருபது அடி தள்ளிக் குடிலைக் கட்டினார். பதினான்குக்குப் பதினாறு அடி, ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு இரும்பு அடுப்பு. கதவுக்குப் பூட்டு கிடையாது. யார் வந்து தங்கினாலும், கிளம்பும்போது அடுப்புக்குள் மெல்லிய மரச் சீவலும் அதன்மேல் சுள்ளியும் அடுக்கி, தீப்பெட்டியை மேலே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். விரல் மடங்காத நிலையில் வருகிறவன் ஒரே ஒரு குச்சியைக் கிழித்துப் போட்டால் போதும். தண்ணீர்ப் பானையை நிரப்பிவைக்காமல் போகிறவனைக்கூட மன்னிப்பார்கள். சீவல் வைக்காமல் போனவனோடு ஊரில் ஒருவரும் முகம்கொடுத்துப் பேச மாட்டார்கள்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி எசாயும் ஒக்கலீனாவும் தபால் விமானத்தில் நகரத்துக்குப் போனார்கள். ஒக்கலீனாவின் பல்வலிக்காக என்று ஊரில் சொல்லிவைத்தார்கள்.

அலுவலகத்துப் பெண் ஹெய்டி லுண்ட் நல்லவள். அதுதான் கஷ்டமே. கெட்டவளாக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டாவது எழுந்து வந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் காபி கொடுத்தாள். ஒக்கலீனாவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து மாத்திரை வேண்டுமா என்று கேட்டாள்.

"மிஸ்டர் இவான், ஒரே ஒரு நம்பர்தான். எழுதிட்டீங்கன்னா இன்னைக்கே மேல அனுப்பிடறேன்."

"போன வருஷம் இருபத்திமூணு. அத எழுதிக்கவா?"

"அது பத்தாவது கேள்வி. ஏற்கெனவே எழுதியிருக்கீங்க, பாருங்க."

"'கெடைக்கறது கெடைக்கும்'னு எழுதவா?"

அவள் உண்மையிலேயே அதைத் தட்டிப் பார்த்தாள். கணினி சிவப்பாக ஏதோ காட்டியது. "எழுத்த வாங்க மாட்டேங்குது. நம்பர் மட்டும்தான் வாங்கும்."

"சைபர்?"

"சைபர்னா நீங்க பொறியே வெக்கலன்னு அர்த்தமாயிடும். பொறி வெக்காதவருக்குக் குடில் எதுக்குன்னு கேப்பாங்க. நெலம் எல்லாருக்கும் சொந்தமானது, பாருங்க. நெசமா அதுல தொழில் பண்றவங்களுக்கு மட்டும்தான் தரலாம்."

"ஒண்ணு?"

"ஒண்ணு தொழிலாகாதே. பத்துக்கு மேல இருந்தா நல்லது."

எசாய் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். "அப்ப நீங்களே ஒண்ணு போட்டுருங்க. நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கறேன்."

ஹெய்டி சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "இது உறுதிமொழி மிஸ்டர் இவான். உங்க கையாலதான் எழுதணும், நான் எழுதினா என் வேலை போயிடும். எதுக்குத் தயங்கறீங்க? சும்மா ஒரு உத்தேசம். இத வெச்சு யாரும் உங்கள மடக்கப்போறதில்ல."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். வீட்டில் அதற்காக வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் மிருகங்களைப் பற்றிப் பேச வேண்டும். அவை எப்போது வரும், ஏன் வரும், யாருக்கு வராது என்று, இந்தக் கதகதப்பான அறையில், காபியை உறிஞ்சிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன்போல் விளக்க வேண்டும். மிருகத்தின் காதில் அதுவும் பெருமைப் பேச்சுதான். அவர் வயதுக்கு அந்த நாற்காலியில் அப்படிக் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தது பார்க்கச் சகிக்கவில்லை.

ஒக்கலீனா அவர்கள் பாஷையில் மெல்லச் சொன்னாள். "எழுதுய்யா."

"உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். அந்த எடம் போச்சுன்னா எம்புள்ள மறுபடியும் வெளியதான் உக்காந்திருப்பான். எழுதுய்யா."

அவர் பேனாவை எடுத்தார். கை தாளைத் தொடாமல் நின்றது. ஒக்கலீனா தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்தினாள். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் எழுதினார்கள். மார்ட்டன், இருபது. ஹெய்டி அதைப் பார்த்துவிட்டுப் பெரிய நிம்மதியோடு, "அவ்வளவுதான்!" என்றாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எசாய் கையால் கெட்டார்.

அனுமதி செப்டம்பரிலேயே வந்துவிட்டது. கஸ்டி அதைப் பார்த்தான், எந்த எண் எழுதினாய் என்று கேட்கவில்லை. அந்த நல்ல குணம் அவனுக்கு உண்டு.

நவம்பரில் பொறி வைத்தார்கள். எசாய் வழக்கமாகப் பொறி வைக்கும் தடத்தில் அறுபத்திரண்டு பொறிகள். சாய்த்துவைத்த கம்பின் நுனியில் பொறி, அதற்குமேல் இரையாக நாறிப்போன மீன். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. அதனால் என்ன, முதல் சுற்றுதானே? இரண்டாவது சுற்றிலும் இல்லை. டிசம்பரில் புதுப்பனி விழுந்த மறுநாள் போனபோது எசாய் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தார். கால்தடங்கள் இருந்தன. ஏராளமாக இருந்தன. ஒவ்வொரு கம்பின் அடிவரைக்கும் வந்து, ஒரு வட்டம் சுற்றி, வந்த வழியே திரும்பிப் போயிருந்தன. மீனைக் காக்கா தின்றிருந்தது. மார்ட்டன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்துத் தடத்தில் கஸ்டிக்கு ஜனவரிக்குள் பதினெட்டு விழுந்துவிட்டன.

பிப்ரவரி கடைசியில் எசாய் பொறிகளைக் கழற்றிக்கொண்டு குடிலுக்கு வந்தார். ஒரு மயிர்கூட இல்லாத சறுக்குவண்டியை வாசலில் நிறுத்தினார். அன்று கஸ்டியும் அங்கே வந்து தங்கினான். அடுப்பில் மூஸ் மான் இறைச்சிச் சூப் கொதித்தது.

"மச்சான், என் தோல்ல பத்துக்கு இன்னும் கவர்மெண்டு சீல் போடல. உன் பேர்ல போட்டுக் கணக்குக் காட்டிடு."

"வேணாம் மாப்ள."

"என்ன வேணாம்? எவனுக்குத் தெரியும்? அது என் பொறில விழுந்துச்சா ஒன் பொறில விழுந்துச்சான்னு தோல்ல எழுதியிருக்கா?"

"அதுக்குத் தெரியும்."

"ஐயோ, இந்தாளோட!" கஸ்டி கரண்டியை விட்டெறிந்தான். "காகிதத்துல எழுதறப்ப மட்டும் அதுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. எசாய் கோபப்படவில்லை. கரண்டியை எடுத்துத் துடைத்து அவன் கையில் கொடுத்தார்.

"ஒரு தடவ பேசினதுக்கு எனக்கு வரல. ஒன் தோல வெச்சு நான் இப்ப பொய்யும் பேசினா, ஒனக்கும் வராமப் போயிடும். ஒன் வீட்டுல சோறு கேக்க அஞ்சு வாய் இருக்கு. சாப்பிடு."

பருவம் முடிந்ததும் அறிக்கை அனுப்ப வேண்டும். எசாய் உள்ளதை உள்ளபடி எழுதினார். சைபர்.

மே மாதம் கடிதம் வந்தது. உத்தேசம் இருபது, பிடித்தது சைபர். அதே பகுதியில் மற்ற பொறிக்காரர்கள் வழக்கம்போல் பிடித்திருப்பதால், விண்ணப்பதாரர் உண்மையாகத் தொழில் செய்ததாகக் கருத முடியவில்லை. அனுமதி ரத்து. நவம்பர் பதினைந்துக்குள் குடிலை அகற்றி, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, புகைப்படம் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு அங்கே எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. மேல்முறையீட்டுக்கு ஒரு தாள் இணைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரே ஒரு கேள்வி: எதுவும் பிடிபடாததற்குக் காரணம் என்ன?

எசாய் மூன்று நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், இனி இழக்க என்ன இருக்கிறது என்று, இருந்த உண்மையை எழுதினார். 'நீங்கள் எத்தனை என்று கேட்டீர்கள். நான் எழுதினேன். அதனால் வரவில்லை.'

பதில் ஜூலையில் வந்தது. விண்ணப்பதாரர் எண்ணிக்கையை எழுதினார் என்பதில் எந்தச் சர்ச்சையும் இல்லை, மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது என்று இருந்தது. கீழே ஹெய்டி லுண்ட் தன் கையெழுத்தில், 'மிகவும் வருந்துகிறேன், பல்வலி தேவலையா?' என்று சேர்த்திருந்தாள். ஒக்கலீனா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி, ஓடை உறைந்து வழி திறந்ததும் எசாய், ஒக்கலீனா, கஸ்டி மூவரும் போனார்கள். குடிலின் மரங்களைப் பிரித்து இழுத்து வர நான்கு பேருக்கு ஒரு மாதம் ஆகும். எரிப்பது ஒருநாள் வேலை.

உள்ளே குடில் பெருக்கிவைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. ஒக்கலீனா மூலையிலிருந்த மாதா படத்தை எடுத்துத் துணியில் சுற்றினாள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதிய பெயர்கள் இருந்தன. எசாய் யாரையும் எழுதச் சொன்னதில்லை. அவர்களாக எழுதியதுதான். 'மேல்தண்ணியில் விழுந்தேன். இரண்டு நாள் இருந்தேன். கடவுள் உங்களைக் காக்கட்டும்.' 'வண்டி பழுது. மைனஸ் நாற்பத்தைந்து. உயிர் பிழைத்தேன்.' பதினான்கு வருஷத்தில் பதினோரு பெயர்கள். கடைசியாக இருந்தது இந்த மார்ச்சில் எழுதியது: 'பாவெல். கீழாற்றுக்காரன். ஒருநாள் தங்கினேன். சீவல் வைத்திருக்கிறேன்.'

நடுவில் ஓரிடத்தில், 'கஸ்டி. சும்மா டீ குடிக்க வந்தேன்,' என்று இருந்தது. ஊரில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் வரி அது.

கஸ்டி அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றான். "மச்சான், அன்னைக்கு நான் டீ குடிக்க வரல."

"தெரியும்."

"இடுப்பு வரைக்கும் நனஞ்சிருந்தேன். கதவத் தொறக்கக் கை வரல, பல்லால இழுத்தேன். வெளிய சொன்னா வெக்கம்னு..."

"தெரியும் மாப்ள. கதவுல பல்லுத் தடம் இருக்கு."

அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எசாய் அழவில்லை. அடுப்பை வெளியே எடுப்பதற்காக அதன் கதவைத் திறந்தார். உள்ளே சீவல் இருந்தது. சுருள் சுருளாக, ஒரே கனத்தில், பொறுமையாகச் சீவிய சீவல். மேலே விரல் பருமனில் சுள்ளி. அதற்கும் மேலே தீப்பெட்டி. யார் என்றே தெரியாத ஒருவனுக்காக பாவெல் என்ற அந்தக் கீழாற்றுக்காரன் உட்கார்ந்து சீவியது.

சுவர் மரங்கள் பதினான்கு வருஷம் உலர்ந்தவை என்றாலும் சும்மா பற்றாது. பற்றவைக்க ஏதாவது வேண்டும். எசாய் இரண்டு கையாலும் அந்தச் சீவலை அள்ளி மூலையில் வைத்தார். பாவெலின் தீப்பெட்டியிலிருந்தே ஒரு குச்சியைக் கிழித்தார். முதல் குச்சியிலேயே பிடித்துக்கொண்டது. அவ்வளவு நன்றாகச் சீவியிருந்தான்.

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. மறுநாள் சாம்பலைத் தள்ளி, ஆணிகளைப் பொறுக்கி, மேலே பனியை இழுத்துவிட்டார்கள். கஸ்டி படம் எடுத்தான். வெறும் வெள்ளை, பின்னால் அந்த ஸ்ப்ரூஸ் மரம்.

கிளம்பும்போது ஒக்கலீனா ஒரு தகர டப்பாவை எடுத்தாள். உள்ளே தீப்பெட்டியும் ஒரு மெழுகுவர்த்தித் துண்டும் கொஞ்சம் மரப்பட்டையும். "இத அந்த மரத்துல கட்டிட்டு வந்துடறேன்."

"வேணாம் ஒக்கலீனா. எந்தப் பொருளும் இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"ஒரு டப்பாய்யா."

"படத்த நம்பாம பறந்து வந்து பாத்தாலும் பாப்பாங்க. அதுக்கும் ஒரு கடுதாசி வரும். என்னால இன்னொரு கடுதாசியப் படிக்க முடியாது."

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை வந்தாள். அது சமையலறை அலமாரியில் டீத்தூளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து எசாய்க்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு சுற்றுவட்டார ஆற்றங்கரை ஊர்களும், கை ரேடியோவோடு பயணம் போகிறவர்களும் ரேடியோவைத் திறந்து வைத்திருப்பார்கள். யார் கிளம்பினார்கள், யார் வரவில்லை, எங்கே பனி மெல்லியது என்று பேசிக்கொள்ளும் நேரம். எசாய் ஒலிவாங்கியை எடுத்து ஒவ்வொரு நாளும் ஒரே செய்தியைச் சொன்னார்.

"கோணல் ஓடைல குடில் இல்ல. எரிச்சாச்சு. யாரும் நம்பி வராதீங்க. கோணல் ஓடைல குடில் இல்ல."

முதல் வாரம் சிலர் வருத்தம் சொன்னார்கள். பிறகு அதுவும் நின்றது. கிறிஸ்துமஸ் வந்து போனது. எசாய் விடவில்லை. அவர் குரல் கேட்டால் மணி பன்னிரண்டு என்று அடுப்பிலிருந்து பானையை இறக்குகிறவர்கள் இருந்தார்கள்.

ஜனவரி பதினாறு, மைனஸ் நாற்பது. கஸ்டி டீ குடிக்க வந்திருந்தான். எசாய் வழக்கம்போல் சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டார். ரேடியோ கரகரத்தது.

"யாரு பேசறது? குடில் இல்லன்னா? புரியல."

"எசாய் பேசறேன். கோணல் ஓடைல இருந்த குடில் இல்ல. நீ யாருப்பா?"

"பாவெல். கீழாத்துக்காரன். எங்க ஊருக்கு இந்த ரேடியோ எட்டாது. இப்ப ஓடை முக்குக்கிட்டதான் இருக்கேன். வண்டி மேல்தண்ணில எறங்கிடுச்சு. முட்டிக்கு மேல நனஞ்சுட்டேன். பரவால்ல, குடிலுக்குப் போயிடலாம்னு நடந்துக்கிட்டிருக்கேன்."

கஸ்டி கோப்பையை வைத்துவிட்டு வெளியே ஓடினான். வண்டி இரண்டுமுறை இருமிவிட்டுக் உயிர்பெறும் சத்தம் கேட்டது.

"பாவெல், நான் சொல்றதக் கேளு. குடில் இல்ல. தீப்பெட்டி இருக்கா?"

"நனஞ்சுபோச்சு. அதனால என்ன? போன மார்ச்ல நான்தான் வந்து தங்கினேன். சீவலும் தீப்பெட்டியும் நானே வெச்சுட்டுப் போனேன். வேற யாரும் எடுத்திருக்க மாட்டாங்கல்ல? காஞ்சுதானே இருக்கும்?"

எசாய் பொத்தானை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

"பாவெல், அத நான் எடுத்துட்டேன்."

கரகரப்பு மட்டும் வந்தது. பிறகு, கொஞ்சம் குளறிய குரலில், "என்னது?" என்றான்.

"நாங்க கெளம்பிட்டோம். நீ நடந்துக்கிட்டே இரு. உக்காராத. எது வேணா பண்ணு, மரத்தடில மட்டும் உக்காராத."

"சரி. எவ்வளவு நேரத்துல வருவீங்க?"

கோணல் ஓடைக்கு நல்ல வழியில் நாலு மணி நேரம். எசாய் ஒக்கலீனாவைப் பார்த்தார். அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணி நேரம் ஆகும்?" என்று மறுபடி கேட்டது குரல்.

அவர் அந்த எண்ணைச் சொல்லவில்லை. "வந்துக்கிட்டே இருக்கோம்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கோட்டை மாட்டினார். ஒக்கலீனா அலமாரியிலிருந்த தகர டப்பாவை எடுத்து வந்து அவர் பைக்குள் போட்டு, பையின் மூடியை அழுத்தி மூடினாள்.